சிரிக்காத ரொட்டிக்கடை

சீன ரொட்டிக்கடைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதிவைக்கும் குறிப்புகளை வாசிப்பது எனக்குச் சில ஆண்டுகளாகவே வழக்கம். உருப்படியான பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டேன். நியூயார்க்கானாலும் சான் ஃபிரான்சிஸ்கோவானாலும் வான்கூவரானாலும் ஏறத்தாழ ஒரே குறிப்பைத்தான் வெவ்வேறு ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பன் பஞ்சுபோல் இருந்தது, விலை மலிவு, முட்டை டார்ட் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது, ஆனால் கல்லாவில் இருந்த பெண்மணி ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை, மீதிச் சில்லறையை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆகவே ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். தின்ற பண்டத்தில் குறையில்லை, கொடுத்த காசில் குறையில்லை, குறையெல்லாம் ஒரு முகத்தில்.

அத்தகைய குறிப்பு ஒன்றை நானும் 2011இல் எழுதினேன். சில ஆண்டுகள் கழித்து அதை அழித்தும்விட்டேன். அழித்ததோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாக மனம் ஒப்பவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ஃப்ளஷிங்கில். ஏழாம் எண் ரயில் தன் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் மெயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தால் கண்ணில் படும் எழுத்துகளில் பெரும்பாலானவை சீன எழுத்துகள். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு, எழுபதுகளில் தைவான்காரர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். பின்னர் சீனத்தின் பல மாகாணங்களிலிருந்தும் மக்கள் வந்து நிறைந்தார்கள். அதே எழுபதுகளில், 1977இல், பௌன் தெருவில் நம்முடைய பிள்ளையாரும் குடமுழுக்கு கண்டு அமர்ந்துவிட்டார். சனிக்கிழமைகளில் கோவிலுக்குப் போய், கீழ்த்தளத்து உணவகத்தில் ஒரு தோசையை முடித்துவிட்டு, அங்கிருந்து மெயின் ஸ்ட்ரீட் வரை நடந்து சீன ரொட்டிக்கடை ஒன்றில் தேநீர் குடிப்பது என்பது என்னைப்போல் பலருக்கு ஏற்பட்டுவிட்ட பழக்கம். பிள்ளையாருக்கும் அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கடைகளுக்குள் போய்ப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாசலிலேயே பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கியிருக்கும். பக்கத்தில் இடுக்கிகள். ஒரு தட்டையும் ஓர் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவிட்ட அலமாரிகளை நாமே திறந்து, வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போகவேண்டும். அங்கே அந்தப் பெண்மணி ஒவ்வொரு பன்னையும் தனித்தனிப் பையில் இட்டு, விலையைக் கூட்டி, எண்ணை மட்டும் சொல்வார். நான்கு பன்களுக்கும் ஒரு தேநீருக்கும் ஆகும் நேரம் அரை நிமிடம் இருந்தால் அதிகம். அவர் விரல்களின் வேகத்தைப் பூக்கட்டுகிறவர்களிடம் மட்டுமே நான் பார்த்திருக்கிறேன்.

பண்டங்களின் பெயர்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். போலோ பாவ் என்றால் அன்னாசிப் பன். அதில் அன்னாசி கிடையாது. மாவு, சர்க்கரை, முட்டை, கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மேல்பூச்சு வேகும்போது வெடித்து அன்னாசியின் தோலைப்போல் கட்டம் கட்டமாகப் பிளந்துகொள்வதால் வந்த பெயர். (இதைச் செய்யும் நுட்பத்தை ஹாங்காங் அரசு 2014இல் வெளியிட்ட தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டியலில் இடம்பெற்ற பண்டத்தை நாம் இரண்டு டாலரைச் சுற்றிய விலைக்கு இடுக்கியால் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.) கை மெய் பாவ் என்றால் சொல்லுக்குச் சொல் கோழிவால் பன். கோழியும் இல்லை, வாலும் இல்லை. காக்டெய்ல் என்ற ஆங்கிலச் சொல்லை யாரோ ஒருவர் சேவல், வால் என்று பிரித்து மொழிபெயர்த்ததன் விளைவு. உள்ளே இருப்பது தேங்காயும் சர்க்கரையும். அன்றைக்கு விற்காத பன்களை வீணாக்க மனமில்லாமல் அரைத்துச் சர்க்கரை கலந்து புதுப் பன்னுக்குள் வைத்ததில் இது பிறந்தது என்று கதை சொல்வார்கள். பல சரக்குகளைக் கலந்ததால் காக்டெய்ல். லோ போ பெங் என்பது மனைவிப் பணியாரம். உள்ளே இருப்பது சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய பூசணி. எதிலும் பெயரில் உள்ளது பண்டத்தில் இல்லை. முட்டை டார்ட்டில் மட்டும் முட்டை சத்தியமாக இருக்கிறது. ஆனால் அதன் பெயரில் பாதி ஆங்கிலம்: டார்ட் என்பதைக் காண்டனியர் ‘தாட்’ ஆக்கிக்கொண்டார்கள். டோஸ்ட் அவர்கள் வாயில் ‘தோசி’ ஆகிறது.

நிற்க. 2011இல் என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

குளிர்கால மாலை. தட்டில் மூன்று பன்களுடன் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் இருவர். அப்போது பின்னாலிருந்து ஒரு மூதாட்டி வந்து, என்னைக் கடந்து, வெட்டிய ரொட்டிப் பொட்டலம் ஒன்றைக் காட்டிக் கல்லா மேசையில் நாணயங்களை வைத்தார். கல்லாப் பெண்மணி அவற்றை ஒரு பார்வையில் எண்ணிப் பெட்டிக்குள் தள்ளினார். மூதாட்டி போய்விட்டார். இன்னொருவரும் அதையே செய்தார். ‘இங்கே ஒரு வரிசை இருக்கிறது’ என்று நான் ஆங்கிலத்தில், கடைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கல்லாப் பெண்மணி என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. என் முறை வந்ததும் பன்களைப் பைகளில் இட்டார், எண்ணைச் சொன்னார், மீதியை மேசையில் வைத்தார், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து முந்நூறு சொற்களில் எழுதினேன். நாகரிகம், பண்பாடு, வாடிக்கையாளரின் மதிப்பு போன்ற கனமான சொற்களெல்லாம் அதில் இருந்தன. இலக்கியம் படித்தவன் கோபத்தில் எழுதினால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் அதைப் பயனுள்ள குறிப்பு என்று வழிமொழிந்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அடுத்த ஆண்டு என் அலுவலகத்தில் ஹாங்காங்கில் பிறந்து வளர்ந்த ஒருவர் சேர்ந்தார். மதிய உணவின்போது ஒருநாள் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன், நியாயம் கேட்பவனைப்போல. அவர் சிரித்துவிட்டு, ஒரு பொருளை மட்டும் வாங்குகிறவர், சரியான சில்லறை வைத்திருப்பவர், வயதானவர் என்றால் அப்படிப் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், நிற்கவைப்பதுதான் சங்கடம் என்றார். பிறகு காண்டனிய மொழியில் நன்றிக்கு இரண்டு சொற்கள் உண்டு என்று விளக்கினார். ஒருவர் பரிசு தந்தால் ‘தோஜே’. ஒருவர் நமக்கு ஒரு வேலை செய்துகொடுத்தால், தேநீர் கொண்டுவந்து வைத்தால், கதவைப் பிடித்துக்கொண்டால், ‘ம்கோய்’. இந்த இரண்டாவது சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘வேண்டியதில்லை’ என்பது. நீங்கள் இதைச் செய்திருக்க வேண்டியதில்லை என்ற பொருளில். அதையே கூப்பிடவும், வழி விடச் சொல்லவும், ஒன்றைக் கேட்டுப் பெறவும் பயன்படுத்துகிறார்கள். ஆக அந்தச் சொல் வேலை செய்கிறவருக்கு வேலையைப் பெறுகிறவர் சொல்வது. ‘கல்லாவில் நீங்கள் அதைச் சொன்னீர்களா?’ என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் கண்டிப்பு அல்லவா சொல்லியிருந்தேன்.

அன்று இரவு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. நான் வளர்ந்தது மயிலாடுதுறையில். எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் என் பதினெட்டு வயது வரை எனக்கு ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. நானும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இருவருக்குமே உடம்பு கூசியிருக்கும். ‘வரேன் அண்ணாச்சி’ என்போம். அவர் தலையைக்கூட நிமிர்த்தமாட்டார். அங்கே வரிசை கிடையாது. நான்கு தோள்களுக்கு இடையே கையை நீட்டிக் காசைக் காட்டத் தெரிந்தவனுக்குத்தான் பொருள் முதலில் கிடைக்கும். நன்றி என்பது நம்மிடையே மேடைப் பேச்சின் கடைசி வரியிலும் திருமண அழைப்பிதழிலும் குடியிருந்த சொல். அதை மூச்சுக்கு மூச்சு சொல்ல நான் கற்றுக்கொண்டது அமெரிக்கா வந்த பிறகுதான். வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், இரவல் வாங்கிய ஒரு முழக்கோலைக் கொண்டு, தன் ஊர் முழக்கோலை இன்னும் கைவிடாத ஒருத்தியை அளந்து குறை சொல்லியிருக்கிறேன்.

இந்தப் புன்னகையைப் பற்றி யோசிக்கையில் ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் எழுதிய நூலை நினைக்காமல் இருக்கமுடியாது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, அவர்கள் தட்டைத் தூக்குவதும் வண்டியைத் தள்ளுவதும் எப்படி உழைப்போ அப்படியே சிரிப்பதும் ஓர் உழைப்பு, நிறுவனம் அதையும் கூலிக்கு வாங்குகிறது என்று விளக்கியவர் அவர். அதே நூலில் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்திருப்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அவர்களிடம் நிறுவனம் கூலிக்கு வாங்குவது கடுமுகத்தை. நகரின் நாகரிகமான காப்பிக் கடைகளில் இப்போது பணம் செலுத்தும் திரையை நம் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். பதினெட்டு சதவிகிதமா, இருபதா, இருபத்தைந்தா என்று அது கேட்கும்போது எதிரே ஒரு முகம் மலர்ந்து நிற்கிறது. நான் போகும் ரொட்டிக்கடையில் அந்தத் திரை இல்லை. அங்கே புன்னகைக்கு விலையும் வைக்கவில்லை, புன்னகையைத் தரவும் இல்லை. கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் நூலறிவு. என்னை உண்மையில் மாற்றியவர் என் அம்மா.

2014 கோடையில் அம்மா ஆறு மாதம் தங்குவதற்காக வந்தார். அப்பா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. நானும் மனைவியும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவோம். இப்படி வந்து சேரும் பெற்றோர்களின் பகல்பொழுது எப்படிக் கழிகிறது என்பதை நம்மவர்கள் அதிகம் எழுதியதில்லை. சன்னல், தொலைக்காட்சி, துணி மடிப்பது, மறுபடி சன்னல். பத்து நாள் பார்த்துவிட்டு அம்மா தானாகவே கோவிலுக்கு நடக்க ஆரம்பித்தார். பிறகு ஒருநாள், கோவிலைத் தாண்டி மெயின் ஸ்ட்ரீட் வரை போய்விட்டதாகவும் கால் வலித்ததால் ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். அடையாளம் கேட்டால், நான் ஒரு நட்சத்திரம் தந்த அதே கடை.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. காரணம் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஃப்ளஷிங்கின் நார்தர்ன் சாலையும் பார்சன்ஸ் சாலையும் சந்திக்கும் இடத்திலுள்ள மெக்டொனால்ட்ஸில், ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த கொரிய முதியவர்களை வெளியேற்றக் கடைக்காரர்கள் காவல்துறையை அழைத்த செய்தி ஊரெல்லாம் பேசப்பட்டது. இருபது நிமிடத்துக்குள் சாப்பிட்டு எழவேண்டும் என்று அங்கே அறிவிப்பு. அழைத்துப்போய் வெளியே விட்டால், முதியவர்கள் தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். கொரிய அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் நடுவே நின்று சமரசம் செய்துவைத்தார். அதில் யார் பக்கம் நியாயம் என்று முடிவுகட்ட எனக்குத் துணிவில்லை. கடைக்காரனுக்கு நாற்காலி ஒரு முதலீடு. கிழவனுக்கு அதுவே அன்றைய பகல்.

‘ரொம்ப நேரம் உக்காராதம்மா, ஏதாவது சொல்லிடுவாங்க’ என்றேன்.

அம்மாவோ வாரத்தில் நான்கு நாள் போகத் தொடங்கினார். முட்டை சேர்ந்ததைத் தொடமாட்டார் என்பதால் ஒரு தேநீர் மட்டும். முதல் நாள் விரலைக் காட்டிக் கேட்டாராம், இரண்டாம் நாளிலிருந்து இவரைப் பார்த்ததும் கல்லாப் பெண்மணி தேநீரை ஊற்ற ஆரம்பித்துவிடுவாராம். ஹாங்காங் முறைத் தேநீர் என்பது துணிப் பையில் வடிகட்டிச் சுண்டிய பாலைச் சேர்ப்பது, கடுப்பு அதிகம். ‘நம்ம ஸ்டேஷன் வாசல் டீ மாதிரியே இருக்குடா, சக்கரைதான் தனியா போட்டுக்கணும்’ என்றார். அதே மேசையில் சீன முதியவர்கள் நாளிதழை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் தாளை அம்மாவின் பக்கமும் நகர்த்தினாராம். அம்மா படங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாராம். டோஸ்டுக்கு அவர்கள் ‘தோசி’ என்று சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து, ‘தோசைன்னுதான்டா சொல்றா, கேக்க நன்னா இருக்கு’ என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

ஒருநாள் கேட்டேன், அந்தக் கல்லாப் பெண்மணி சிடுசிடுப்பாக இல்லையா என்று. அம்மா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘அவ வான்னும் சொல்றதில்லை, போன்னும் சொல்றதில்லை. எனக்கு அது போறும்.’

என் குறிப்பை அன்றிரவு அழித்தேன்.

அம்மா ஊருக்குத் திரும்பிய சில வாரங்கள் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே போயிருக்கிறோம். அதை நினைவில் வைத்துக்கொண்டு, பன்களைப் பையிலிட்டபடியே கல்லாப் பெண்மணி ‘மதர்?’ என்று கேட்டார். ‘இந்தியா’ என்றேன். தலையை அசைத்துவிட்டு, என் தட்டிலிருந்த மனைவிப் பணியாரத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ‘நோ. பிக் ஆயில்’ என்றார். சீன மொழியில் பன்றிக் கொழுப்புக்குப் பன்றியெண்ணெய் என்றுதான் பெயர். அதை அப்படியே ஆங்கிலமாக்கியிருக்கிறார். அம்மா இறைச்சி உண்ணாதவர், ஆகவே மகனும் அப்படித்தான் என்று அவராகவே ஊகித்திருக்கிறார். ஊகம் சரிதான், முட்டையைத் தவிர. அப்போதும் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைப் பார்த்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் உச்சிகுளிர வேண்டாம். ஏனென்றால் அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் ஏற்பட்டது நெகிழ்ச்சியல்ல, திகைப்பு. எத்தனை ஆண்டுகளாக அந்தப் பணியாரத்தைத் தின்றிருக்கிறேன்! பூசணி என்று நம்பி. அலமாரியில் பெயரும் விலையும் எழுதியிருக்கும், உள்ளே என்ன என்று எழுதியிருக்காது. அடுக்கடுக்காக உதிரும் அந்த மேல்தோலுக்குப் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்புதான் சேர்மானம். சில கடைகளில் வெண்ணெய், சில கடைகளில் தாவரக் கொழுப்பு. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சைவர், இஸ்லாமியர், யூதர், வேர்க்கடலையும் எள்ளும் ஒத்துக்கொள்ளாத குழந்தையின் தாய், எல்லோரும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். 2011இல் நான் எழுதியிருக்கவேண்டிய புகார் இது: ஒரு சின்ன அட்டையில் இரண்டு சொல் கூடுதலாக எழுதிவையுங்கள். என் புகார் கடைக்காரரின் முகத்தைப் பற்றி இருந்தது, பன்னைப் பற்றி அல்ல. நூற்றுக்கணக்கான குறிப்புகளைப் படித்துவிட்டேன். கொழுப்பைப் பற்றிக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இப்போது பெருகியும் வருகிறது. அவர்கள் சிடுசிடுப்பைச் சிலாகிக்கிறவர்கள். கல்லாவில் திட்டு வாங்கினால்தான் கடை அசல் என்பது அவர்கள் கட்சி. நண்பர்களை அழைத்துவந்து ‘பார், இந்த அம்மாள் எப்படி முறைக்கிறாள்’ என்று வேடிக்கை காட்டுகிறார்கள், படமும் எடுக்கிறார்கள். குறை சொல்கிறவர்களைவிட இவர்கள் எனக்கு அதிக எரிச்சல் ஊட்டுகிறார்கள். குறை சொல்கிறவன் அந்தப் பெண்மணி வேறுவிதமாக இருந்திருக்கலாம் என்றாவது நினைக்கிறான். இவர்களுக்கு அவர் கடையின் அலங்காரப் பொருள். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, நாள் முழுக்க நின்று, அடுத்த தட்டு, அடுத்த தட்டு என்று போகும் உழைப்பில் முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்க இருவருக்குமே அவகாசமில்லை. அந்த முகத்துக்கு இனமோ மரபோ காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும், உள்ளிருந்து வந்த இன்னொரு பெண்ணிடம் ஏதோ சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிரிக்காமல் இருப்பது வேறு, அவமதிப்பது வேறு. ஒருவர் தட்டோடு நுழைந்ததும் பின்னாலேயே கண்காணித்துக்கொண்டு வருவது, நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல் இருப்பது போன்றவை எந்தக் கடையில் நடந்தாலும் குற்றம்தான். அதற்கு மொழியும் மரபும் சமாதானம் ஆகா. வேறு கடைகளில் அப்படி நடந்ததை நான் கண்டிருக்கிறேன், சீனக் கடை, இந்தியக் கடை என்ற வேறுபாடில்லாமல். ஒரு நட்சத்திரக் குறிப்புகள் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன என்பதுதான் என் வழக்கு. முன்னதைப் பற்றிய முணுமுணுப்பு பெருகப் பெருக, பின்னதைப் பற்றிய உண்மையான முறையீடு அதற்குள் புதைந்துபோகிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நகரம் அடைபட்டபோது கடைகளுக்குள் உட்காரத் தடை வந்தது. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். வாசலில் ஒரு மேசை, அதில் பன்கள். அந்த முதியவர்கள் எங்கே போய் நாளிதழைப் பிரித்தார்களோ. மறு ஆண்டு பிப்ரவரியில், ஃப்ளஷிங்கில் ஒரு ரொட்டிக்கடை வாசலில், 52 வயதான ஆசியப் பெண் ஒருவரை ஓர் ஆள் பிடித்துத் தள்ளினான்; தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. காணொளி நாடு முழுவதும் பரவியது. நான் போகும் கடையல்ல. ஆனால் நடந்துபோகும் தொலைவுதான். அம்மா தொலைபேசியில், எப்படியோ செய்தியைக் கேட்டுவிட்டு, ‘அந்த டீக்கடைப் பொண்ணு இல்லையே?’ என்று கேட்டார். இல்லை என்றேன். பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் போய்வருகிற கடை. முந்நூறு சொல்லில் அவரைப் பற்றி எழுதியவன் நான்.

பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று மறுபடி திறந்ததும் போனேன். அவர் இல்லை. அவருடைய இடத்தில் இளம்பெண் ஒருத்தி. விசாரித்தேன், மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்றோ மகள் வீட்டுக்கு என்றோ சொன்னாள், எனக்குச் சரியாக விளங்கவில்லை. மேசைகள் எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தன.

போன வாரம்கூடப் போயிருந்தேன். மழை. மூன்று மேசைகளில் இரண்டில் முதியவர்கள். மூன்றாவதில் ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். எதிரே ஆறிப்போன தேநீர். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோழிவால் பன்னும் (கொழுப்பு எது என்று கேட்டுக்கொண்டுதான், வெண்ணெயாம்) ஒரு தேநீரும். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எழுந்து வரும்போது, இந்தமுறையாவது ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று, அலுவலக நண்பரிடம் பயின்ற உச்சரிப்போடு, ‘ம்கோய்’ என்றேன். அந்தப் பெண் காண்டனியம் அறியாதவள் போலிருக்கிறது, வடக்கத்திக்காரியாக இருக்கலாம். புருவத்தைச் சுருக்கினாள். நான் எதையோ கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, காகிதக் கைத்துண்டுகளில் ஒரு கொத்தை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.